அவர் பார்க்க மறுத்த கடைசிக் காட்சி

நான் சினிமாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தில் சினிமாவுக்கு உரிய எதையும் காணாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "டிக்கெற் குடுக்கிறனீங்களோ?" என்று கேட்பார்கள். ஒருமுறை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நின்றபோது ஒரு அம்மா, "கூட்டித் துடைக்கிறதோ பிள்ளை? அதுவும் நல்ல வேலைதானே" என்று ஆறுதல் சொன்னார். இரண்டும் இல்லை. மொன்றியலில் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு காப்பகத்தில் படச் சுருள்களைப் பரிசோதிப்பதும், அங்கேயே இருந்த சின்ன அரங்கில் அவற்றை ஓட்டிக் காட்டுவதும் என் வேலை. இதை நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கேட்டவர்கள் பலகாரத் தட்டில் ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவார்கள்.

அண்மையில் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஒரு பிற்பகல் கதைக்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்போது அங்கே சுருளை ஒரு இயந்திரத்தில் வைத்தால் போதும், அது முழுப் படத்தையும் கணினிக்குள் ஏற்றிவிடுகிறது. நல்ல காரியம். என் கழுத்து நோவைக் கேட்டால், அந்த இயந்திரம் இன்னும் முந்தியே வந்திருக்கலாம் என்று சொல்லும். வந்திருந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "கணினியில் ஒரு காட்சி பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், பிறகு திருப்பிப் போடலாம். உங்கள் காலத்தில் யாராவது ஒரு காட்சியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதுண்டா?" ஓம் பிள்ளை, ஒருவர் கேட்டார் என்று தொடங்கினேன். என் பிரெஞ்சு பாதி வழியில் களைத்துப்போனது. அரைகுறையாக முடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் முழுவதையும் தமிழில் எழுதிவிடுகிறேன்.

படத்தின் மேல் ஆசைப்பட்டு நான் இந்த வேலைக்கு வரவில்லை. அகதியாக வந்து, பிரெஞ்சு வகுப்புக்குப் போய், ஷபானெல் தெருப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு ஸிப் வைத்தேன். தொழிற்சாலை மூடப்பட்டது. விரல் நுணுக்கம் உள்ளவர் தேவை என்று ஒரு அறிவிப்பைக் கண்டு போனேன். நேர்முகத்தில் மடாம் திபோதோ என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு துண்டுப் படச்சுருளைக் கையில் தந்து, கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு எங்கெங்கே கிழிந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். நான் மூன்று இடத்தைக் காட்டினேன். "இன்னொண்டு இருக்கு," என்றார். "பரவாயில்லை, அது எனக்கும் முதல் தரம் பிடிபடேல்லை. திங்கட்கிழமை வாங்கோ."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மடாம் கதைத்தது பிரெஞ்சு. பின்னால் வரப்போகிறவர் கதைத்தது ஆங்கிலம். இரண்டையும் நான் என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். ஹொலிவுட்காரர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

மடாம் கட்டையான ஆள். எந்நேரமும் ஒரு நீல மேலங்கி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். என்ன சொல்லுகிறார் என்று கேட்க நாங்கள் கிட்டப் போக வேண்டும், கிட்டப் போனால் ஏச்சு இன்னும் தெளிவாக விழும். "பார்ப்போம்" என்று அவர் சொன்னால் அது முடியாது என்பதற்குச் சமம். "முடியாது" என்றே சொல்லிவிட்டால் அந்தக் கதையை இனி வாழ்நாளில் எடுக்கக் கூடாது. எவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் என்னை நீங்கள் என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான். அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது.

வேலை இதுதான். மேசையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டு, நடுவில் கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி. டப்பாவைத் திறந்ததும் முதலில் மணந்து பார்க்க வேண்டும். படம் பழுதாகத் தொடங்கியிருந்தால் வினாகிரி மணம் வரும், அதை மற்றவற்றோடு வைக்கக் கூடாது. முதல் கிழமை ஒரு டப்பாவுக்குள் மூக்கை வைத்த நான், அச்சாறு மணக்குது என்று சொல்ல பிரெஞ்சில் வார்த்தை தெரியாமல் கையைக் காலை ஆட்டியதைப் பார்த்து மடாமே சிரித்துவிட்டார். பிறகு இடப்பக்கத்துச் சுருளை வலப்பக்கத்துக்குக் கையால் சுற்ற வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இரண்டு விளிம்பும் ஓடும். துளை கிழிந்திருந்தால் விரலில் தட்டும், பழைய ஒட்டு வந்தால் தடிப்பாகத் தெரியும். உடனே நிற்பாட்டிச் சரிசெய்ய வேண்டும். அவசரப்பட்டால் படம் இன்னும் கிழியும்.

எந்தச் சுருளிலும் அதிகம் அடிபடுவது தொடக்கமும் முடிவும்தான். கண்ணால் நிதானமாகப் பார்ப்பதும் அங்கேதான், நடுப்பகுதியை விரல் பார்த்துக்கொள்ளும். அதனால் எனக்குக் கணக்கில்லாத படங்களின் முதலும் முடிவும் தெரியும். இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. யாராவது ஒரு பழைய படத்தைப் பற்றி ஆசையாகக் கதைக்கத் தொடங்கினால், "அவள் கடைசியிலை டொக்டரைத்தான் கட்டுவாள்" என்று சொல்லிப் பகை தேடியிருக்கிறேன்.

ஹார்லன் பிரீஸ் எனக்கு அறிமுகமானதும் இப்படித்தான். அந்தக் காலத்து அமெரிக்க நடிகர், இன்றைக்குப் பெயர் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு. அவருடைய படங்களை ஒரு கிழமை, ஏழு நாளும், திரையிட மடாம் ஏற்பாடு செய்தார். டப்பாக்கள் வந்து குவிந்தன. நான் ஒவ்வொன்றின் கடைசிச் சுருளையும் விரிக்க, அந்தாள் ஒவ்வொன்றிலும் செத்துக்கொண்டிருந்தார். குதிரையிலிருந்து விழுந்து செத்தார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நண்பனின் மடியில் செத்தார். காசநோயில், இருமாமல், மிக அழகாகச் செத்தார். விசயம் என்னவென்றால் அவர் பெரும்பாலும் இரண்டாவது கதாநாயகன். அவர் செத்தால்தான் முதலாவது கதாநாயகனுக்குப் பெண் கிடைக்கும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் மனிசன் அருளப்பு முதலில் கேட்பது, "இண்டைக்கு அந்தாள் எப்பிடிச் செத்தார்?" என்பதாகத்தான் இருந்தது.

"மலையிலை இருந்து விழுந்து."

"பாவம். ஒரு படத்திலையாவது ஒருத்தி கிடைக்கேல்லையே அந்தாளுக்கு?"

ஒரு படத்தில் கிடைத்திருந்தாள். அதுதான் அவரே இயக்கிய ஒரே படம். பெயரை விடுங்கள், நாங்கள் அதை ஓடப்படம் என்றே சொல்லுவோம். உலகத்தில் அதற்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதி எங்களிடம் இருந்தது என்று மடாம் சொன்னார். கதை சின்னக் கதை. எங்கள் வீட்டுக்குக் கிட்ட இல்-பிசார் தீவில் இருந்து கோடையில் அக்கரை லவாலுக்குப் போகிற ஓடம் மாதிரி, ஆற்றைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் ஓடம் ஒன்று. ஓடக்காரனாக ஹார்லன் பிரீஸ். அவருடைய மனைவியாக நோரா. நிசத்திலும் நோரா அவருடைய மனைவிதான். படத்தில் அந்தப் பெண் கணவனை விட்டுப் போக முடிவெடுக்கிறாள். போவதற்கு வேறு வழி கிடையாது, கணவனின் ஓடத்தில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அவனே அவளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். பிறகு வெறும் ஓடத்தோடு திரும்பிப் போகிறான். ஓடம் தூரமாகிப் பனிப்புகைக்குள் மறைகிறது. பிரீஸ் எடுத்த முடிவு இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் பிரதி அதோடு முடியவில்லை. என் விரலில் ஒரு தடிப்பான ஒட்டு தட்டியது. அதற்குப் பிறகு வேறு காட்சி. அந்தப் பெண் மனம் மாறித் துறைக்கு ஓடி வருகிறாள். தனியாக நிற்கிறாள். ஓடம் திரும்பி வருவதைப் பார்க்கிறாள். ஓடத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பிறகு அவளுடைய முகம் மட்டும், நெடுநேரம். அவ்வளவோடு படம் முடிகிறது. மடாம் விளங்கப்படுத்தினார்: பிரதிகள் ஊரூராக அனுப்பப்பட்ட பிறகுதான் கம்பனிக்காரர் முடிவு சோகம் என்று பயந்திருக்கிறார்கள். வேறொருவரை வைத்து ஒரு சந்தோச முடிவை எடுத்து, பழைய முடிவின் வாலை வெட்டிவிட்டு இதை ஒட்டச் சொல்லித் தனித் துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். மொன்றியலில் யாரோ என்னைப் போல ஒருவர் சொன்னபடி வெட்டி ஒட்டியிருக்கிறார். நல்ல ஒட்டு, குறை சொல்ல முடியாது.

அந்த முகத்தை நான் வெளிச்சக் கண்ணாடியில் வைத்து, பூதக்கண்ணாடியால், சுருளின் ஒவ்வொரு சின்னச் சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். சத்தம் இல்லை, அசைவும் இல்லை. இருந்தும் அதை விட்டு அடுத்த டப்பாவை எடுக்கவில்லை. கீறல் பார்ப்பதாகச் சாட்டுச் சொல்லி இன்னொரு தரமும் பார்த்தேன்.

ஓடப்படத்தைத் திரையிடுவதற்கு முதல் நாள் மடாமின் அழைப்பில் பிரீஸ் வந்து சேர்ந்தார். அத்தனை தரம் செத்தவர் உயிரோடு கதவைத் திறந்து உள்ளே வர எனக்கு ஒரு கணம் பகீர் என்றது. வயது நன்றாகப் போயிருந்தது. உயரமான ஆள், கூன் விழுந்து, கையில் ஒரு தடி. உடுப்பு மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வேலைத்தளத்தில் எனக்கு ஒருவர் தொப்பி கழற்றியது அதுதான் முதல்முறை, என்ன செய்வது என்று தெரியாமல் நானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.

மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, கேட்காமலே தன் கதையைச் சொன்னார். தகப்பன் ரயிலில் வேலை. இவர் கலிபோர்னியாவுக்குப் போய் ஐஸ் கட்டி ஏற்றும் லொறி ஓட்டியிருக்கிறார். ஒரு படப்பிடிப்புக்கு ஐஸ் இறக்கப் போன இடத்தில், குதிரையிலிருந்து விழ வேண்டியவன் வரவில்லை. "நான் விழுறன் எண்டன். விழுந்தன். பிறகு அவையள் என்னை எழும்பவே விடேல்லை," என்று சிரித்தார். விழுந்து விழுந்து வசனம் கிடைத்து, வசனத்தால் ஒப்பந்தம் கிடைத்து, சில வருடங்கள் சுவரொட்டியில் முகமும் பெரிதாக வந்திருக்கிறது. அந்தச் செல்வாக்கை வைத்து ஒரு படம் இயக்க இடம் கேட்டு வாங்கினார். அது ஓடப்படம். முடிவை மாற்ற மாட்டேன் என்று சண்டை பிடித்ததில் எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு ஒருவரும் அவரை இயக்கக் கூப்பிடவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் பொலிஸ் அதிகாரியாக நடித்து, பிறகு ஒரு கல்லூரியில் நடிப்புச் சொல்லிக் கொடுத்துக் காலம் போயிருக்கிறது.

"அந்த ஒட்டைக் காட்டுவீங்களோ?" என்று கேட்டார். கடைசிச் சுருளை விரித்து ஒட்டு வரும் இடத்தில் நிறுத்தினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஓடம் தெரிந்தது, அதை நன்றாகப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதிலை வெட்டிவிடுங்கோ," என்றார்.

நான் மடாமைக் கூப்பிட்டேன். மடாம் வந்து, முழுவதையும் கேட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் பிரீஸ், இஞ்சை வந்த படம் வந்தபடிதான் இருக்கும். ஒரு பிழையான முடிவை ஒட்டினதும் அந்தப் படத்துக்கு நடந்த ஒண்டுதானே."

"படத்துக்கு நடக்கேல்லை. எனக்கு நடந்தது."

"முடியாது," என்றார் மடாம். குரல் எனக்கே அரைவாசிதான் கேட்டது.

கிழவர் தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். பிறகு அவர் மடாமைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அந்த முடிவிலை நடிக்க மாட்டன் எண்டு வெளிக்கிட்டு வந்திட்டன். நோரா போனா. அவவுக்கும் ஒப்பந்தம் இருந்தது, போகாட்டில் வழக்குப் போட்டிருப்பாங்கள். அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் எனக்குச் சொல்லாமல் காலமை எழும்பிப் போய் நடிச்சுப்போட்டு, பின்னேரம் வந்து சமைச்சா. நான் கனகாலம் அவவோட கதைக்கேல்லை. பேந்து கதைச்சம், சிரிச்சம், பிள்ளையளை வளத்தம். கடைசி மட்டும் ஒண்டாத்தான் இருந்தம். ஆனால் இந்தக் காட்சியைப் பற்றி மட்டும் அவவும் வாய் திறக்கேல்லை, நானும் திறக்கேல்லை. நான் அதைப் பாத்ததும் இல்லை. போன வசந்தத்திலை அவ செத்துப்போனா. எனக்கு இனி என்ன காலம் கிடக்கு? ஒரே ஒருக்கா என்ர படத்தை நான் முடிச்ச மாதிரி, சனத்தோட இருந்து பாக்க வேணும். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வெட்டாமலே மறைக்கலாம்," என்றேன். படம் ஓட்டும் இயந்திரத்தில் விளக்குக்கு முன்னால் ஒரு தகடு உண்டு. ஒரு கைபிடியை இழுத்தால் தகடு விழும், திரை இருண்டுவிடும். படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு காயமும் படாது. ஒலியையும் குறைத்துவிட்டால் படம் அங்கேயே முடிந்தமாதிரித்தான்.

மடாம் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல் அவருக்கு மட்டும் அப்படி ஓட்டிக் காட்டச் சம்மதித்தார். "சனத்துக்குக் காட்டுற பின்னேரக் காட்சியைப் பேந்து பார்ப்போம்," என்றார். அது என்ன பார்ப்போம் என்று எனக்குத் தெரியும், கிழவருக்குத் தெரியாது. அவர் சந்தோசத்தில் மடாமின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எந்த இடத்தில் மூடுவது என்று கேட்டேன். "ஓடம் எந்த நிமிசத்திலை மறைய வேணும் எண்டு எனக்குத்தான் தெரியும். நான் கையை உயர்த்துறன். நீங்கள் மூடுங்கோ," என்றார்.

வேலை முடிந்து காரில் வரும்போது எல்லாவற்றையும் அருளப்புவுக்குச் சொன்னேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே தலையாட்டினார்.

"இஞ்சாரும், அந்தாளின்ர படம். அந்தாள் கேட்டபடி செய்து குடுங்கோவன். இதுக்குப் போய் என்ன யோசினை?"

"நீங்கள் அந்த முகத்தைப் பாக்கேல்லை."

"எந்த முகத்தை?"

"அந்தப் பொம்பிளையின்ரயை. மூடினால் அந்தாள் அதைக் காணாமலே போயிடும். உலகத்திலை அது இஞ்சை மட்டும்தான் கிடக்கு."

"அப்ப பாருங்கோ எண்டு அந்தாளிட்டைச் சொல்லுமன்."

"நான் ஆர் சொல்ல?"

"எனக்கு மட்டும் சோறு தின்னுறதில இருந்து சொக்ஸ் போடுறது வரைக்கும் சொல்லுறீர்."

வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டுங்கோ என்றேன். ஆனால் இரவு படுக்கும்போது அவர் விளையாட்டை விட்டுவிட்டு, "சொல்லாதையும். அது அவையள் ரெண்டு பேருக்கும் நடுவிலை உள்ள விசயம்," என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சரியென்று பட்டாலும் நெஞ்சு கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அரங்கில் இரண்டே பேர். முன்வரிசைகளில் ஒன்றில், நடுவில், பிரீஸ். கடைசி வரிசையில் மடாம். நான் மேலே படம் ஓட்டும் அறையில், தலை போடுமளவு சின்னக் கண்ணாடி யன்னலுக்கு இந்தப் பக்கம். ஒவ்வொரு சுருளும் முடியும் நேரம் திரையின் மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றும். அதைக் கண்டதும் அடுத்த சுருள் பூட்டிய மற்ற இயந்திரத்தைத் தொடங்கிவிட வேண்டும். அன்றைக்கு எந்தப் புள்ளியையும் தவறவிடவில்லை. படத்தில் அவர்கள் இருவரும் இளமையாக, சண்டை பிடித்தும் சிரித்தும் கொண்டிருந்தார்கள். கீழே அவருடைய வெள்ளைத் தலை அசையவே இல்லை.

கடைசிச் சுருள் தொடங்கியது. இடது கையைத் தகட்டின் கைபிடியிலும் வலது கையை ஒலியின் திருகியிலும் வைத்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் பிந்தி மூடினால் என்ன? ஒரு கணம் அந்த முகத்தைக் கண்டுவிடுவாரே. கை வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். பிறகு, சீ, இவ்வளவு தூரம் வந்து என்னை நம்பி உட்கார்ந்திருக்கிற மனிசனுக்கு அப்படிச் செய்யக் கூடாது என்று என்னையே ஏசிக்கொண்டேன். அவர் கை எழும்பினால் மூடுவேன். அந்தக் கணமே மூடுவேன்.

ஓடம் அக்கரையில் முட்டியது. நோரா இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஓடம் தனியே வெளிக்கிட்டது. அது சிறிதாகிச் சிறிதாகிப் பனிப்புகைக்குள் போனது. கீழே அவருடைய வலது கை கதிரையின் பிடியிலிருந்து கொஞ்சம் கிளம்பியது. நான் கைபிடியை இறுக்கினேன். கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

அவர் உயர்த்தவில்லை. அந்த ஒட்டு, இயந்திரத்துக்குள்ளால் போகும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நோரா துறைக்கு ஓடி வந்தார்.

கடைசி வரிசையிலிருந்து மடாம் திரும்பி என் யன்னலைப் பார்த்தார். நான் கைபிடியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நோராவின் முகம் திரை முழுக்க வந்தது. மேசையில் அசையாமல் பார்த்த முகம் இப்போது அசைந்தது. முதலில் பயம். ஓடம் திரும்புமோ திரும்பாதோ என்ற பயம். பிறகு ஓடத்தைக் கண்டுவிட்ட முகம். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு வரப்போகிற இடத்தில் படம் முடிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியால் இறங்கி ஓடினேன். அவர் கை உயர்த்தி நான்தான் காணாமல் விட்டேனோ என்ற பயமும் கூடவே இருந்தது.

"ஐயா, கையை உயர்த்தினனீங்களோ? எனக்குத் தெரியேல்லை," என்றேன்.

"இல்லை," என்றார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. "உயர்த்தத்தான் வெளிக்கிட்டன். பிறகு நினைச்சன், வீட்டிலை இருக்கிற படமெல்லாம் பாத்து முடிச்சிட்டன், அவவின்ர சத்தம் பதிஞ்ச நாடாவெல்லாம் கேட்டு முடிச்சிட்டன். அவவிலை நான் பாக்காதது எண்டு இனி இந்த உலகத்திலை இது ஒண்டுதானே மிச்சம்."

மடாமும் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்த முடிவு பொய். அதை இப்பவும் சொல்லுவன்," என்றார் பிரீஸ். "அப்பிடி ஒருத்தி திரும்பி வரமாட்டாள். படம் கெட்டுத்தான் போச்சு. ஆனால் அவ..." தடியால் திரையைச் சுட்டினார். "எனக்கு முன்னாலை நிண்டு நடிச்ச ஒரு காட்சியிலையும் அவ இவ்வளவு நல்லாச் செய்யேல்லை. நான் நிக்க வேண்டிய இடத்திலை ஆரோ ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க, அவ என்னைப் பாத்திருக்கிறா. செய்துபோட்டு வீட்டை வந்தவவுக்கு நல்லாச் செய்தனீர் எண்டு சொல்ல ஒரு நாய் இல்லை. ஆர் சொல்லியிருக்க வேணும்? நான்தானே சொல்லியிருக்க வேணும்!"

மடாம் போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, "பின்னேரக் காட்சிக்கு மூடுறதோ, விடுறதோ? நீங்கள் சொல்லுற மாதிரி," என்றார். எந்தப் படத்தைப் பற்றியும் மடாம் ஒருவரிடம் அப்படிக் கேட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

"முழுக்க ஓட்டுங்கோ," என்றார் பிரீஸ்.

மாலைக் காட்சிக்கு நல்ல சனம் வந்திருந்தது. அருளப்புவும் வேலையிலிருந்து நேரே வந்து பின்னால் நின்றார். வந்த விருந்தாளி படத்துக்கு முன் நாலு வார்த்தை கதைப்பது எங்கள் வழக்கம். கம்பனிக்காரர் தன் படத்தைப் பாழாக்கிய கதையைச் சொல்லத்தான் பிரீஸ் ஊரிலிருந்தே ஆயத்தமாக வந்திருந்தார், அதை மடாமிடம் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். தடியை ஊன்றி எழும்பி நின்று சபையைப் பார்த்தார்.

"இந்தப் படத்தை நான்தான் எடுத்தனான். கடைசிக் காட்சியை மட்டும் நான் எடுக்கேல்லை," என்றார். "அதாலை அதைப் பற்றி நான் பெருமையாச் சொன்னால் தற்புகழ்ச்சி இல்லை. அதிலை ஒரு பொம்பிளை தனிய நிப்பா. அவவை வடிவாப் பாருங்கோ. அவவின்ர பேர் நோரா. என்ர மனிசி." வேறு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

நான் படத்தை ஓட்டினேன். நோராவின் முகம் திரையில் வந்து, நின்று, இருண்டது. விளக்குப் போட வேண்டிய நேரம், கை விளக்குக்குப் போகவில்லை. கீழே இருட்டுக்குள் ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகு அரங்கு முழுக்கச் சேர்ந்து தட்டியது. நான் விளக்கைப் போட்டேன். சனம் தட்டி ஓய்ந்து, எழும்பி, மேலங்கிகளைப் போட்டுக்கொண்டு வெளியே போகத் தொடங்கியது. முன்வரிசையில் கிழவர் தடியைக் கீழே விழவிட்டு, வெறும் திரையைப் பார்த்து, இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.